புதிதாக வாங்கிய விடைக்கோழியைப் பழைய கோழிகள் கொத்துகின்றன: திருப்பிக் கொடுத்துவிடலாமா?

வேப்பமரத்தடி (அலங்காநல்லூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அத்தை பல ஆண்டுகளாக வீட்டுக் கொல்லையில் சிறுவிடை என்னும் சிறிய வகை நாட்டுக்கோழிகள் வளர்த்து வருகிறார். இப்போது ஏழு பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. பெட்டைகள் ஏழும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எங்கள் வீட்டிலேயே பொரித்து வளர்ந்தவை. ஆகவே வெளியிலிருந்து ஒரு கோழியைக் கொண்டுவந்து சேர்ப்பது எங்களுக்கு இதுதான் முதல்முறை.

சென்ற வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தையில் கறுப்பு நிறத்தில் ஒரு விடைக்கோழியை வாங்கி வந்தோம். இன்னும் முட்டையிடத் தொடங்கவில்லை. ஐந்து மாதம் இருக்கும் என்று விற்றவர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் காட்டி, மற்ற கோழிகளோடு கொல்லையில் விட்டுவிட்டோம். சில நிமிடங்களுக்குள் பழைய கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதன் தலையிலும் கொண்டையிலும் கொத்தத் தொடங்கின. அது ஓடிப்போய் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இன்றோடு நான்கு நாட்கள் ஆகின்றன. பாவமாக இருக்கிறதே என்று மாலையில் அதைத் தனியே எடுத்துப் மூங்கில் கூடையான பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கிறேன். காலையில் மறுபடியும் வெளியே விடுகிறேன். ஒவ்வொரு நாளும் அதே சண்டை புதிதாகத் தொடங்குகிறது. நேற்று கொண்டையிலிருந்து இரத்தம் வந்துவிட்டது.

எனக்குப் புரியாத இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் எல்லாக் கோழிகளிடமும் கொத்து வாங்கி, எல்லாம் தின்று முடித்த பிறகு தானியம் பொறுக்குகிற ஒரு சாதுவான செங்கோழி உண்டு. புதியதை விடாமல் துரத்திக் கொத்துவது அந்தச் செங்கோழிதான். எல்லாவற்றையும் அடக்கி ஆளுகிற பெரிய கோழியோ இரண்டு முறை கொத்திவிட்டு, பிறகு கண்டுகொள்ளவே இல்லை. சேவலும் தலையிடுவதில்லை. சந்தையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். இரண்டு நாளில் தானாகச் சரியாகும், நீ குறுக்கே போகாதே என்கிறார் அத்தை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


செக்கானூரணித் தோட்டம் எழுதியது:

அம்மா, கொத்துவதைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். அதற்கு முன்னால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தையிலிருந்து வந்த கோழியை அன்றைக்கே கூட்டத்தில் விட்டது பெரிய பிழை. சந்தையில் பல ஊர்க் கோழிகள் ஒரே கூடையில் கால் கட்டிக் கிடக்கின்றன. அங்கிருந்து வருகிற கோழி, பார்வைக்கு எவ்வளவு தெம்பாக இருந்தாலும், வெள்ளைக்கழிச்சலைச் சுமந்துகொண்டு வரலாம். ராணிக்கெட் என்று மருத்துவர்கள் சொல்வதும் இந்த நோயைத்தான். கிருமி உடலில் புகுந்த பின் அறிகுறி தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாட்களில் தெரிந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நல்ல பெருவிடைச் சேவல் கிடைத்ததே என்ற ஆசையில் நானும் இதையேதான் செய்தேன். ஏழாம் நாள் அது சோர்ந்து நின்றது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. அடுத்த பத்து நாட்களுக்குள் என்னிடமிருந்த முப்பதில் இருபத்திரண்டு கோழிகளைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். பிழைத்தவற்றில் இரண்டுக்குக் கழுத்து திருகியது கடைசிவரை நிமிரவே இல்லை. அதிலிருந்து யார் வீட்டுக் கோழியானாலும், என் தங்கை கொடுத்ததே ஆனாலும், மூன்று வாரம் தோட்டத்தின் மறுகோடியில் தனிக்கூண்டில் இருந்த பிறகுதான் என் கூட்டத்துக்குள் வரும். அதற்குத் தீவனம் வைப்பதும் கடைசியில்தான். வைத்துவிட்டுக் கைகால் கழுவாமல் மற்றக் கோழிகளிடம் போவதில்லை.

உங்கள் வீட்டில் நான்கு நாட்கள் கலந்து பழகிவிட்டன. இனித் தனிமைப்படுத்துவதால் முழுப் பயன் கிடையாது என்றாலும், இரத்தம் வந்துவிட்டதால் அதைப் பிரித்தே ஆக வேண்டும். எச்சத்தின் நிறம், மூச்சுவிடும்போது கரகரவென்ற ஒலி, கண் வீக்கம், தீனி எடுக்காமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்பது ஆகியவற்றை எல்லாக் கோழிகளிடமும் மூன்று வாரம் காலை மாலை பாருங்கள். உங்கள் பழைய கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு எவ்வளவு காலமாயிற்று? குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் போடும் ஊசியும் பலருக்குத் தெரியும். வளர்ந்த கோழிக்கு அதைத் திரும்பப் போட வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்; கோழிக்கழிச்சல் என்றும் சொல்லும் இந்த நோய்க்கு இலவசமாகவே போடுகிறார்கள்.

திருப்பிக் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். நோய் இருந்தால் அதை இன்னொரு வீட்டுக்கு அனுப்பியதாகும்.


வேப்பமரத்தடி எழுதியது:

ஐயா, நீங்கள் கடிந்து சொன்னது நியாயம்தான். படித்தவுடன் எழுந்து போய் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். இப்போதைக்கு எல்லாம் நன்றாகத் தின்கின்றன, எச்சத்திலும் மாற்றம் இல்லை. கறுப்பியைத் தனியாகப் பிரித்து, காயத்தைத் துடைத்து மருந்து போட்டிருக்கிறேன். பழைய கோழிகளுக்கு ஊசி போட்டு ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது என்று அத்தை இப்போதுதான் சொல்கிறார். வரும் சனிக்கிழமை மருந்தகத்துக்குப் போகிறோம். ஆனால் மூன்று வாரம் கழித்துச் சேர்க்கும்போது இதே சண்டைதானே வரும்? அந்தச் செங்கோழியின் கதையும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.


வைகைக்கரை வாத்தியார் (சோழவந்தான்) எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே விடைகள் பாதி இருக்கின்றன. நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள்.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. தோர்லெய்ஃப் ஷெல்டெரூப் எப்பெ என்ற நார்வே நாட்டவர் சிறுவயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கூர்ந்து பார்த்துக் குறிப்பெடுத்து, 1922இல் இதைப் பற்றி எழுதினார். பிற விலங்குகளின் மேல்கீழ் வரிசையைப் பற்றிய ஆராய்ச்சிக்கெல்லாம் கோழி முற்றத்தில் அவர் கண்ட இந்த வரிசைதான் தொடக்கம். நம் பாட்டிமார்களும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்; எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வரிசை ஒவ்வொரு கோழிக்கும் மற்ற ஒவ்வொரு கோழியோடும் தனித்தனியாக முடிவான ஒரு கணக்கு. ஏழு பெட்டைகள் என்றால் இருபத்தொரு இணைகள். இருபத்தொன்றிலும் வென்றது யார், தோற்றது யார் என்பது உங்கள் வீட்டில் குஞ்சுப் பருவம் கடப்பதற்குள்ளேயே தீர்ந்திருக்கும். ஒன்றாகப் பொரித்தவை என்பதால் அந்தச் சண்டை உங்கள் கண்ணில் பெரிதாகப் பட்டிருக்காது. தீர்ந்த பிறகு கொத்த வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது: பெரியது தலையை நிமிர்த்தினால் போதும், சிறியது ஒதுங்கிக்கொள்ளும். நாம் அமைதி என்று நினைப்பது இந்த ஒதுங்கலைத்தான். அதற்குள் எட்டாவதாக ஒரு பெட்டை வந்தால் புதிதாக ஏழு கணக்குகள் திறக்கின்றன. ஏழும் முடிகிற வரைக்கும் சண்டை ஓயாது.

இப்போது செங்கோழிக்கு வருவோம். பெரிய கோழிக்கு ஒரு விடைக்கோழியால் ஆபத்து எதுவும் இல்லை. இரண்டு கொத்துக் கொத்தியது, கறுப்பி பணிந்துவிட்டது, கணக்கு முடிந்தது. செங்கோழியின் நிலை அப்படியல்ல. பிறந்தது முதல் அதற்குக் கீழே யாருமே இருந்ததில்லை. முதன்முறையாகத் தனக்குக் கீழே ஒருத்தி வருகிறாள். அவளையும் தோற்கடிக்காவிட்டால் மற்ற ஏழு பெட்டைகளுக்கும் பின்னால்தான் தானியம். எனவே கடைசி இடத்தில் இருக்கும் கோழிதான் புதியதை அதிகம் வதைக்கும். கடைசிக்கு முந்திய இடத்துக்குத்தான் அடிதடி அதிகம். மதுரையில் பேருந்துக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சேவல் தலையிடாததும் இயல்பே. சேவல்களின் வரிசை தனி, பெட்டைகளின் வரிசை தனி. சில சேவல்கள் பெட்டைகளின் சண்டைக்கு நடுவே போய் நின்று விலக்கிவிடும். எல்லாச் சேவல்களும் அப்படிச் செய்வதில்லை.

உங்களிடம் நேர்ந்த பிழை, மாலையில் எடுத்துக் காலையில் விட்டது. இரக்கத்தில் செய்தீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் ஏழு கணக்குகளில் இரண்டு மூன்று முடிகிற நேரத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் பசியோடு இருக்கும் கோழிகளுக்கு நடுவே, எல்லாம் தீனிக்கு முண்டுகிற அந்த வேளையில், மறுபடியும் இறக்கிவிட்டிருக்கிறீர்கள். அதுவும் தனி ஒருத்தியாக. அத்தை சொன்னது அந்த அளவில் சரி. இரத்தம் வந்த பிறகும் விட்டுவைக்கலாம் என்று அவர் சொன்னால் அது மட்டும் சரியில்லை. கோழியின் கண்ணுக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியும். ஒரு துளி இரத்தத்தைப் பார்த்துவிட்டால் வரிசைச் சண்டையோடு சம்பந்தமில்லாத கோழிகூட வந்து கொத்தும், காயம் குழியாகும் வரை விடாது. காயத்தின் மேல் ஊதா மருந்தைத் தடவினால் சிவப்பும் மறையும், புண்ணும் ஆறும்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தனித்திருக்கும் காலத்தின் கடைசி ஒரு வாரத்தில் கறுப்பியைக் கொல்லைக்குக் கொண்டுவந்து, வேப்பமர நிழலில் பஞ்சாரத்துக்குள் வையுங்கள். நகரத்தில் இதற்காகக் கம்பிவலைத் தடுப்பு வாங்குகிறார்கள். மூங்கில் சிம்புகளுக்கு இடைவெளி விட்டுப் பின்னிய பஞ்சாரம் நம்மிடம் இருக்கும்போது அது எதற்கு? பார்க்கலாம், தொட முடியாது; அதுதான் வேண்டும். பஞ்சாரத்துக்கு உள்ளே ஒரு கனமான சட்டியில் தண்ணீரும், தின்னக் கம்புத் தானியமும் வைத்துவிட்டு, வெளியே பஞ்சாரத்தைச் சுற்றியே பழைய கோழிகளுக்கும் குருணையைத் தூவுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று பொறுக்கட்டும். முதலிரண்டு நாள் சிம்புகளின் வழியே கொத்த வரும். மூன்றாம் நாள் பெரும்பாலும் சலித்துவிடும். கோழிகள் ஒன்றையொன்று முகத்தையும் கொண்டையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. அந்த முகம் பழக வேண்டும்.

அதே நாட்களில், யாரையும் அதிகம் விரட்டாத நடுத்தரமான ஒரு பழைய கோழியைத் தேர்ந்து, கறுப்பியோடு பஞ்சாரத்தில் சேர்த்து வையுங்கள். செங்கோழி வேண்டாம். திறந்துவிடும்போது இரண்டாக வெளியே வந்தால் மற்ற ஆறு பெட்டைகளின் கவனமும் ஒன்றின் மேல் மட்டும் விழாது.

திறந்துவிடும் வேளை முக்கியம். கோழி அடைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், வயிறு நிறைந்திருக்கும்போது, கொட்டகைக்குள் அல்லாமல் திறந்த கொல்லையில் விடுங்கள். சண்டை வரும், வரட்டும். இருட்டியதும் தானே நிற்கும். ஒளிவதற்கு ஆட்டுக்கல்லின் மூலை போன்ற இடம் கூடாது, ஏனென்றால் அங்கே மாட்டிக்கொண்டால் வெளியேற வழி இல்லை. இரண்டு பக்கமும் திறந்த உடைந்த கூடை, சாய்த்து வைத்த பழைய கதவு, ஒரு முள்கட்டு என்று புகுந்து மறுபக்கம் ஓடக்கூடிய இடங்களாக வையுங்கள். தண்ணீரும் தீனியும் ஒன்றுக்கொன்று பார்வையில் படாத மூன்று இடங்களில் இருக்க வேண்டும். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. நம் ஊர் சித்திரை வைகாசி வெயிலில் கொத்து வாங்கிச் சாகும் கோழியைவிட, பயந்து தண்ணீர்ப் பக்கமே போகாமல் சாகும் கோழிதான் அதிகம். முடிந்தால் கத்திரி வெயில் முடிந்த பிறகு சேருங்கள்.

அதன் பிறகு இரத்தம் வருகிறதா, அது தண்ணீர் குடிக்கிறதா, இரவில் கொட்டகைக்குள் அடைகிறதா என்ற மூன்றை மட்டும் பாருங்கள். இவை சரியாக இருந்தால் எடுக்காதீர்கள். துரத்துவதும் இறகு பறப்பதும் பெரும்பாலும் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம்.


கொண்டைக்காரி (உசிலம்பட்டி) எழுதியது:

வாத்தியார் ஐயா இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறார், ஆனால் எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் செய்வது மிக எளிமையானது. இரவில் கோழிகள் அடைந்த பிறகு புதியதைக் கொண்டுபோய்க் கம்பின் மேல் மற்றவற்றுக்கு நடுவில் உட்கார வைத்துவிடுவோம். எல்லாவற்றின் மேலும் அடுப்புச் சாம்பலைத் தூவிவிடுவோம். எல்லாம் ஒரே வாசனை ஆகிவிடுவதால் காலையில் எது புதியது என்றே தெரியாது என்று என் அம்மாச்சி சொல்வார். பெரும்பாலும் சண்டை வந்ததில்லை. வந்தாலும் ஒரு நாளுக்கு மேல் நீடித்ததில்லை.


வைகைக்கரை வாத்தியார் எழுதியது:

கொண்டைக்காரி அம்மா, இரவில் சேர்ப்பதை நான் மறுக்கவில்லை. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, ஆகையால் அன்றிரவு சண்டை வராது. விடிகிற வேளையில் எல்லாம் கொட்டகையைவிட்டுத் தீனிக்கு ஓடுவதால் முதல் மோதல் சற்றுத் தணிந்துபோகும். ஏற்கெனவே முகம் பழகிய கோழியாக இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். முன்பின் பார்க்காத கோழியாக இருந்தால், விடிந்ததும் கதவு திறக்கத் தாமதமாகிவிட்டால், அடைபட்ட கொட்டகைக்குள் ஓட இடமில்லாமல் அது மாட்டிக்கொள்ளும். நான் பார்த்த மோசமான காயங்கள் இரண்டும் அப்படி நேர்ந்தவைதான்.

சாம்பலைப் பற்றி: கோழி ஆள் அறிவது கண்ணால், வாசனையால் ஏமாறாது. ஆனால் எல்லாவற்றின் மேலும் சாம்பல் விழுந்தால் எல்லா முகமும் கொஞ்சம் மாறித் தெரியும் அல்லவா, அம்மாச்சியின் வித்தை அந்த வழியில் பலித்திருக்கலாம் என்பது என் ஊகம். பேன் குறைவதும் ஒரு நன்மை. கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் குஞ்சுகளை இரவில் அடைக்கோழியின் இறகுக்கடியில் தள்ளிவிடுவது வேறு கதை. அது தாய்க்கோழி குஞ்சை ஏற்கும் கதை, இந்த வரிசையோடு அதைச் சேர்க்கக் கூடாது.


வேப்பமரத்தடி எழுதியது:

ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லாமல் இருப்பது முறையில்லை.

செக்கானூரணி ஐயா பயந்த நோய் எதுவும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஊசி போட்டாயிற்று. கறுப்பி இரண்டு வாரம் மாட்டுத்தொழுவத்தில் தனிக்கூண்டில் இருந்தாள். மூன்றாம் வாரம் பஞ்சாரத்தில், வேப்பமரத்தடியில். துணைக்கு ஒரு சாம்பல்நிறக் கோழியை வைத்தோம். முதல்நாள் அந்தச் சாம்பல்கோழியே கறுப்பியைக் கொத்தியது. அதன் பிறகு இரண்டும் உடம்போடு உடம்பு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தன.

மாலை ஐந்து மணிக்குத் திறந்துவிட்டோம். பெரிய கோழி வந்து ஒரு கொத்து, கறுப்பி தலையைத் தாழ்த்திக்கொண்டாள், முடிந்தது. மற்றவையும் மூன்று நான்கு நாட்களில் அடங்கிவிட்டன. செங்கோழி மட்டும் அடங்கவே இல்லை. ஐந்தாம் நாளும் கறுப்பியைத் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் விடாமல் நின்றது. நான் கறுப்பியை எடுக்கப் போனபோது அத்தை தடுத்து, செங்கோழியைத் தூக்கிக் கொட்டகைக்குப் பின்னால் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டார். நான்கு நாட்கள் கழித்துத் திரும்ப விட்டபோது, தான் இல்லாத இடத்தில் வரிசை மாறிப்போயிருந்ததால், மற்றவை எல்லாம் அதையே புதியதைப் போலப் பார்த்தன. கறுப்பியும் ஒரு முறை கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு எதிர்த்து நின்றாள். அதன் பிறகு செங்கோழி அவளைத் துரத்தவில்லை. அது மறுபடியும் கடைசிக்கே போய்விட்டதில் எனக்கு மனவருத்தம்தான். அதற்கென்று ஆட்டுக்கல் பக்கம் தனியாக ஒரு கை தானியம் போட்டுவிடுகிறேன்.

கறுப்பியின் கொண்டை இப்போது நன்றாகச் சிவந்துவிட்டது, சீக்கிரம் முட்டையிடும் போலிருக்கிறது. இன்னொரு சந்தேகம்: எங்கள் பெரிய கோழி நேற்று அடை உட்கார்ந்துவிட்டது. இருபத்தொரு நாள் உள்ளறையில் இருந்துவிட்டுக் குஞ்சுகளோடு வெளியே வரும்போது அதற்கும் இந்தக் கதி நேருமா?


வைகைக்கரை வாத்தியார் எழுதியது:

நேரலாம். இரண்டு மூன்று வாரம் கண்ணில் படாமல் இருந்தால் தலைவியும் அந்நியள்தான். உள்ளறையில் வைக்காதீர்கள், கொட்டகையின் ஒரு மூலையில், மற்றவை பார்க்கும்படி, முன்னால் ஒரு தட்டியை மட்டும் வைத்து அடை வையுங்கள். நாள்தோறும் தீனிக்கு எழும்போது கூட்டத்தின் நடுவிலேயே இறங்கித் தின்றுவிட்டுப் போகட்டும். குஞ்சு பொரித்த பிறகு கவலை வேண்டாம், அப்போது அதன் பக்கத்தில் எந்தக் கோழியும் வராது. முதல் பத்து நாள் காக்கையையும் கீரியையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.